மூன்றெழுத்து, பல பிறவி

கேள்வி: ஸ்பானிய மொழியில் 'பான்' என்றால் ரொட்டி. போலந்து நாட்டிலோ ஆண்களின் பெயருக்கு முன்னால் மரியாதையாக 'பான்' சேர்க்கிறார்கள். இரண்டும் ஒரே வேர்ச்சொல்லா?

பதில்: இல்லை. ரோமன் எழுத்தில் மூன்றே எழுத்துள்ள இந்தச் சொல், ஐரோப்பாவில் குறைந்தது நான்கு தனித்தனிப் பாதைகளில் வந்து ஒரே வடிவத்தில் நிற்கிறது.

போலிஷ் 'பான்' ஸ்லாவிய மொழிக் குடும்பத்துச் சொல். முதலில் நிலக்கிழார், பிரபு என்ற பொருள். இன்று எல்லா ஆண்களுக்கும் பொது. பெண்ணென்றால் 'பானி'. அதிலிருந்தே பிறந்த 'பான்ஸ்த்வோ' என்ற சொல்லுக்கு அரசு என்றும் பொருள், ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்தை விளிக்கும் 'நீங்கள்' என்றும் பொருள். செக் மொழியிலும் இதே 'பான்' உண்டு.

கிரேக்கத்தில் 'பான்' என்றால் 'எல்லாம்'. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் எடின்பரோ நகரைச் சுற்றிலும் பார்ப்பதுபோல வளைவாக வரைந்து 1787இல் காப்புரிமை பெற்றார். அந்த வகை ஓவியத்துக்குச் சூட்டப்பட்ட பெயர்தான் 'பனோரமா'. ஒளிப்பதிவாளர்கள் கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதை 'பேன்' என்பது இதன் சுருக்கம். ஆங்கிலத்தில் வாணலியும் 'பேன்'தான் என்றாலும் அதற்கும் இதற்கும் உறவில்லை. அது அகன்ற தட்டைக் குறிக்கும் லத்தீன் 'பாதினா'விலிருந்து வந்ததாகவே பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள்.

ஆட்டுக்கால் கொண்ட கிரேக்கத் தேவன் பானின் கதைதான் சுவையானது. பிறந்தபோது எல்லாத் தேவர்களையும் மகிழ்வித்ததால் அந்தப் பெயர் என்று பழைய கிரேக்கர்களே காரணம் சொன்னார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் ஒலியை மட்டும் நம்பிச் சொன்னது. மேய்த்தல், காத்தல் என்ற பொருளுள்ள தொல்வேர் ஒன்றையே இன்றைய ஆய்வாளர் பலர் காட்டுகிறார்கள். இடையர்களின் தேவனுக்கு அதுவே பொருந்துகிறது.

ஸ்பானிய ரொட்டி, லத்தீன் 'பானிஸ்' வழி வந்தது. இத்தாலியில் அது 'பானே'. ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்ற பொருளில் பிற்கால லத்தீனில் 'கோம்பானியோ' பிறந்தது. 'கம்பெனி' அதன் வழித்தோன்றல். நம் முன்னோர் 'கும்பினி' என்று அஞ்சியதும் அதைத்தான். போர்த்துக்கீசியர் ரொட்டியை 'பாவ்ங்' என்று மூக்கொலியோடு சொல்வார்கள். அவர்கள் கப்பலேறிப் போன ஜப்பானில் ரொட்டி இன்றும் 'பான்'. இலங்கையில் சிங்களவரும் தமிழரும் சொல்லும் 'பாண்' அவர்கள் விட்டுச்சென்றதே. யாழ்ப்பாணத்தில் காலையில் பாணும் சம்பலும் சாப்பிடுபவர் வாயில் இருப்பது, ஸ்பெயின்காரரின் 'பான்' பிறந்த அதே லத்தீன் சொல்.