வாரத்தின் முதல் நாள் எது?

தம்மம் தழுவிய அன்பர்கள், முன்னோர் வழக்கங்களுள் எவற்றை விடுவது, எவற்றைக் கொள்வது என்று ஆராயுங்கால் வாரத்தைப் பற்றியும் ஐயம் எழுப்புகின்றனர். "ஞாயிறு கிறிஸ்தவர்க்குரிய நாளன்றோ? அன்று நாம் கூடுதல் முறையாகுமா? பௌத்தர்க்கு வாரம் எந்நாளில் தொடங்குகிறது?" என்பது அவர்தம் வினா. ஆரியசாலையில் வாழ்வார்க்கு இவ்வையம் தோன்றுவது இயல்பே. இங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பாளையத்தில் பள்ளிவாசலும் கத்தோலிக்கப் பேராலயமும் கணபதி கோயிலும் அருகருகே நிற்கின்றன. வெள்ளியன்று ஓரிடத்தில் கூட்டம். ஞாயிறன்று மற்றோரிடத்தில் கூட்டம். நமக்குரிய நாள் யாது என்று மனம் தேடுகிறது.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். பௌத்தர்க்கென்று வாரத்தின் முதல் நாள் ஒன்று இல்லை. ஏனெனில் பகவன் காலத்து வழக்கு ஏழு நாள் வாரத்தின்மீது நின்றதன்று.

பகலும் இரவும் மாறுதல் நாளாகிறது. திங்கள் வளர்ந்து தேய்தல் மாதமாகிறது. பருவங்கள் ஒரு சுற்று வருதல் ஆண்டாகிறது. இவை மூன்றும் வானத்தில் கண்ணாற் காணத்தக்கவை. வாரமோ அத்தகையதன்று, மனிதர் எண்ணி வைத்த எண்ணிக்கையே அது. பண்டையோர் கண்ட கோள்கள் ஏழு. அவற்றை மெதுவாகச் செல்வது முதலாகச் சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என வரிசைப்படுத்தினர். ஒவ்வோர் ஓரைக்கும் ஒரு கோளை உரிமையாக்கினர். ஒரு நாளுக்கு 24 ஓரை. ஏழேழாக மூன்று சுற்றுப் போனால் 21, எஞ்சுவன மூன்று. ஆகவே மறுநாளின் முதல் ஓரை நான்காவது கோளுக்குச் சேர்கிறது. சனிக்கு நான்காவது ஞாயிறு. ஞாயிற்றுக்கு நான்காவது திங்கள். திங்களுக்கு நான்காவது செவ்வாய். விரல்விட்டு எண்ணிப் பாருங்கள், ஏழு நாளும் வரிசையாக வந்துவிடும். பஞ்சாங்கத்தின் ஓரை அட்டவணை இன்றும் இக்கணக்கையே காட்டுகிறது. உரோமர் இக்கோள்வாரத்தைச் சனியிலிருந்து எண்ணினர். நம் நாட்டார் ஞாயிற்றிலிருந்து எண்ணினர்.

நம் நாட்டில் இவ்வழக்கம் எப்போது புகுந்தது? அசோக மன்னர் தம் ஐந்தாம் தூண் சாசனத்தில் உயிர்க்கொலையை விலக்கிய நாள்களைக் குறிக்கிறார். அவை திதிகளாகவும் நட்சத்திர நாள்களாகவுமே உள்ளன. கிழமை ஒன்றேனும் இல்லை. கிழமை குறித்த தொன்மையான கல்வெட்டு, மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள புதகுப்த மன்னர் காலத்துத் தூணில் காணப்படுகிறது. அதன் காலம் கி.பி. 484, கிழமை வியாழன். அசோகருக்கும் இதற்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன. தமிழில் ஏழாம் நூற்றாண்டுச் சம்பந்தரின் கோளறு பதிகம் கோள்களை ஞாயிறு முதலாகக் கிழமை வரிசையிலேயே அடுக்குகிறது. அவர் பௌத்தர்க்கு நண்பர் அல்லர். ஆயினும் சான்று சான்றே.

பிற சமயத்தார் கணக்கைக் காண்போம். யூதர்க்குச் சனி ஏழாம் நாள், ஓய்வு நாள். ஆகலின் ஞாயிறு முதல் நாள். கிறிஸ்தவரும் அவ்வெண்ணிக்கையையே கொண்டு, இயேசு உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாளில் என்று நம்பி ஞாயிறைப் போற்றினர். கி.பி. 321இல் கான்ஸ்தந்தீன் பேரரசர் நகர மக்களுக்கு அதனை ஓய்வு நாளாக ஆணையிட்டார். உழவரை மட்டும் வயலில் உழைக்க விட்டார். இஸ்லாமியர்க்கு வெள்ளி கூட்டுத் தொழுகை நாள். எனினும் தொழுகை முடிந்தபின் பிழைப்பைத் தேடிச் செல்லலாம் என்பதே அவர் மறை கூறுவது. அரபு மொழியில் ஞாயிற்றின் பெயரே 'ஒன்று' என்னும் பொருளது. பாரசீகர்க்கோ சனியில் வாரம் தொடங்குகிறது. போர்ச்சுகீசியரும் கிரேக்கரும் திங்களை 'இரண்டாவது' என்பர். உருசியர் செவ்வாயை 'இரண்டாவது' என்பர். சீனர் திங்களை 'ஒன்று' என்பர். 1988இல் அனைத்துலகத் தர நிறுவனம் திங்களையே முதல் நாளாக வகுத்தது. அவரவர் சொல்லே அவரவர் கணக்கு. இவற்றுள் எது மெய், எது பொய் என்று வழக்காடுவது வீண்.

இனி, உபோசதத்தின் வரலாற்றை நோக்குவோம். நமக்கு இதுவே முதன்மையானது. பிற சமயத் துறவிகள் பக்கந்தோறும் எட்டாம் நாளிலும், பதினான்காம், பதினைந்தாம் நாள்களிலும் கூடி அறம் உரைத்தனர். மக்கள் அவர்பால் அன்பு கொண்டனர். இதனைக் கண்ட பிம்பிசார மன்னர், நம் துறவிகளும் அந்நாள்களில் கூடலாமே என்று பகவனிடம் விண்ணப்பித்தார். பகவன் இசைந்தார். துறவிகள் கூடினர், ஆனால் வாய்திறவாது அமர்ந்திருந்தனர். கேட்க வந்த மக்கள் குறை கூறினர். அதன்பின் அறம் உரைக்குமாறு பகவன் பணித்தார். விநயபிடகத்து மகாவக்கம் கூறும் செய்தி இது. பிறர் கூடிய நாளே நமக்கும் கூடும் நாளாயிற்று என்பதை அன்பர்கள் ஊன்றி நோக்க வேண்டும். நாள் யாருடையது என்று பகவன் வினவவில்லை. மக்கள் வரும் நாளா என்பதே கருதப்பட்டது.

உபோசதத்தையே வாரமாக்கிப் பார்த்த நாடும் உண்டு. இலங்கையில் 1966இல் ஞாயிறு விடுமுறையை நீக்கி, திங்களின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாள்களை வார விடுமுறையாக்கினர். எண்ணம் நல்லதே. ஆனால் திங்களின் சுற்று இருபத்தொன்பதரை நாள். அதன் கால்பங்கு ஏழு நாளும் ஏறத்தாழ ஒன்பது மணி நேரமும் ஆகும். ஆதலின் வாரம் சிலகால் ஏழு நாளாகவும், சிலகால் எட்டு நாளாகவும் நீண்டது. விடுமுறை கிழமைதோறும் நகர்ந்தது. வெளிநாட்டு வாணிகத்தோடு கணக்கு ஒட்டவில்லை. கிறிஸ்தவர் தம் ஞாயிறு வழிபாட்டை அலுவல் நாளில் நடத்த நேர்ந்தது. 1971இல் சனி, ஞாயிறு விடுமுறைகள் மீண்டன. முழுமதிப் போயா மட்டும் பொது விடுமுறையாக நிலைத்தது.

நம் ஞாயிறு விடுமுறை தேவாலயத்தினின்று மட்டும் வந்ததன்று. ஆலையில் நூல் இழைத்தவன் ஆதலின் இதனைச் சற்று விரித்துரைக்க உரிமை கொள்கிறேன். பம்பாய் ஆலைகளில் வார ஓய்வு இல்லாதிருந்த காலத்தில், மகாத்மா புலேயின் வழிவந்த நாராயண் மேகாஜி லோகாண்டே 1884இல் ஆலைத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். ஆறாண்டு வற்புறுத்தலின்பின் 1890 சூன் 10ஆம் நாள் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டே தொழிற்சாலைச் சட்டத்தில் வார விடுமுறை இடம்பெற்றது. 1948ஆம் ஆண்டுச் சட்டம், வாரமென்பது சனி நள்ளிரவில் தொடங்கும் ஏழு நாள் என்று வரையறுத்தது. அதன் முதல் நாளே ஓய்வு நாள் என்றது. இரவு வேலைக்காரனுக்கோ, வேலை முடிந்த நேரத்திலிருந்து தொடர்ந்து 24 மணியே விடுமுறை நாள் என்றும் அது விதித்தது. நான் அவ்வரிசையில் நின்றபோது எனக்கு ஞாயிறு விடிந்தது காலைச் சங்கு ஊதியபின்தான். அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் தம்மம் தழுவிய 1956 அக்டோபர் 14ஆம் நாளும் ஞாயிறே.

புதன்கிழமை புத்தர் பெயரால் வந்தது என்று சில அன்பர்கள் கூறுகின்றனர். அது பிழை, புதன் என்பது கோளின் பெயர். இராகுகாலம் பார்த்துக் கூட்டத்தைத் தள்ளி வைப்பாரும் நம்மிடையே உளர். நட்சத்திரம் சரியில்லை என்ற சொல்லை நம்பித் திருமண நாளைத் தவறவிட்டு, மணமகளை வேறொருவர்க்கு இழந்தாரின் கதையை நக்கத்த ஜாதகத்தில் அவர்கள் படிப்பாராக.

ஆகவே எட்டுச் சீலம் காப்பவர் திங்களின் கணக்குப்படி உபோசதம் காக்கட்டும். அது எக்கிழமையில் வரினும் ஒன்றே. பொதுக் கூட்டம் ஞாயிறன்று நடக்கட்டும். சாலைக் கடைத்தெருவில் வேறு கிழமையில் ஓய்வு பெறும் கடைத் தொழிலாளர் உளராயின், அவர்க்கென அந்நாள் இரவு ஒரு சிறு படிப்பு வட்டம் வைத்தல் வேண்டும். ஞாயிற்றுக் கூட்டத்தையும் காலையில் வைத்தல் ஆகாது. இரவு வேலை முடித்தவர் உறங்கி எழ வேண்டுமாதலின் மாலை நான்கு மணி தக்கது.