பழுதின் மூலம் அறிதல்

மாணவர்களே! இரண்டு இலட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய மகிழுந்து ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதன் இயந்திரம் சீராக ஒலிக்காமல் உதறுகிறது. மேட்டில் ஏறத் திணறுகிறது. பெட்ரோலும் கூடுதலாகச் செலவாகிறது. இக்குறையைப் பணிமனையில் 'மிஸ்ஸிங்' என்பர். ஏதேனும் ஓர் உருளையில் எரிபொருள் உரியவாறு எரியவில்லை என்பதே இதன் பொருள்.

பெட்ரோல் இயந்திரத்தின் ஒவ்வோர் உருளைக்கும் மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, எரிபொருளும் காற்றும் சரியான அளவில் சேர்ந்த கலவை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். இரண்டாவது, அக்கலவையை நெருக்கும் அமுக்கம். மூன்றாவது, உரிய நேரத்தில் எழும் வலிய தீப்பொறி.

நெடுந்தொலைவு ஓடிய வண்டியில் இம்மூன்றுமே குறையலாம். தீப்பொறிச் செருகியின் முனை தேய்ந்து இடைவெளி பெருகும். ரப்பர்க் குழாய் விரிசல் கண்டு, வேண்டாத காற்று உள்ளே புகும். பிஸ்டன் வளையம் தேய்ந்து அமுக்கம் கசியும். காரணங்கள் பல, அறிகுறியோ ஒன்று. ஊகத்தால் ஒவ்வொரு பாகமாக மாற்றினால் பணம் கரையும், பழுது தங்கிவிடும். வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இது பேரிழப்பன்றோ?

தேர்ந்த மெக்கானிக் முதலில் ஸ்கேனர் கருவியால் வண்டியின் பிழைக்குறியீட்டைப் படிப்பார். 'பி0302' எனில் குறை இரண்டாம் உருளையில் உள்ளது. உருளைதோறும் தனிச் சுருள் உள்ள வண்டியானால், இரண்டாம், மூன்றாம் உருளைகளின் பற்றவைப்புச் சுருள்களை இடம் மாற்றுவார். குறியீட்டை அழித்து, வண்டியை மீண்டும் இயக்குவார். இப்போது 'பி0303' எனக் காட்டினால், குறை சுருளோடு இடம்பெயர்ந்துவிட்டது. ஆகவே பழுது சுருளிலேயே உள்ளது. மீண்டும் 'பி0302' எனவே காட்டினால், செருகியையும் பின்னர் எரிபொருள் தெளிப்பானையும் அவ்வாறே சோதிப்பார்.

அவையும் குற்றமற்றவை எனில் அமுக்கத்தை அளப்பார். அது குறைந்திருப்பின், உருளைக்குள் சிறிது எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார். அளவு உயர்ந்தால் பிஸ்டன் வளையம் தேய்ந்துள்ளது எனக் கருதலாம். உயராவிடில் வால்வையோ கேஸ்கெட்டையோ ஐயுற வேண்டும்.

என்ஜின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியைத் தொடர்ந்து ஓட்டலாகாது. எரியாத பெட்ரோல் புகைபோக்கிப் பாதையிலுள்ள வினையூக்கி மாற்றியை மிகையாகச் சூடேற்றிச் சிதைத்துவிடும்.

ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றி, விளைவை நோக்கி, அதன்பின் முடிவு செய்தல் வேண்டும். கணக்கில் விடை பிழையானாலும், வீட்டில் விளக்கு எரியாவிட்டாலும் இம்முறையே துணை நிற்கும்.

அருஞ்சொற்பொருள்
உருளை – சிலிண்டர்
தீப்பொறிச் செருகி – ஸ்பார்க் பிளக்
பற்றவைப்புச் சுருள் – இக்னிஷன் காயில்
எரிபொருள் தெளிப்பான் – இன்ஜெக்டர்
அமுக்கம் – கம்ப்ரஷன்
ஊகம் – உய்த்துணர்வு

பயிற்சி
1. உருளைக்குத் தேவையான மூன்றும் யாவை?
2. இரண்டு சுருள்களையும் இடம் மாற்றுவதற்குப் பதிலாகப் புதிய சுருள், புதிய செருகி இரண்டையும் ஒருங்கே பொருத்தினால் எதனை அறிய இயலாது? ஏன்?
3. பிரித்து எழுதுக: இக்குறை, ஒவ்வோர், பேரிழப்பு.
4. 'காரணங்கள் பல, அறிகுறியோ ஒன்று' – காய்ச்சலை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஐந்து வரிகளில் விளக்குக.
5. உங்கள் பகுதியில் உள்ள மெக்கானிக் ஒருவரிடம் கேட்க விரும்பும் மூன்று வினாக்களைத் தமிழில் எழுதுக.