‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறார்கள், பொருள் எங்கே?



இம்மாதச் சட்டப் பாடம் ஆன்லைன் ஆர்டர் பற்றியது. பணம் கட்டியாகிவிட்டது. ‘உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது’ என்று செல்பேசிக்குச் செய்தியும் வந்துவிட்டது. பொருள் மட்டும் வீட்டில் இல்லை. உடைந்த பொருள் வந்தால் உடைந்ததைக் காட்டலாம். அளவு தவறிய சட்டை வந்தால் சட்டையைக் காட்டலாம். இதிலே காட்டுவதற்குக் கையில் ஒன்றுமே இல்லை. கம்பெனியின் கணினி ‘கொடுத்தாச்சு’ என்கிறது, நாம் ‘வரவில்லை’ என்கிறோம். கணினிக்கு எதிராக நம் பேச்சு எடுபடாது என்று நினைத்துப் பலர் இந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

ஒப்படைப்பு என்றால் என்ன?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், ஒருவர் தம் வசம் உள்ள பொருளை விரும்பி இன்னொருவர் வசம் மாற்றித் தருவதையே ஒப்படைப்பு என்கிறது. செயலியில் ஒரு பொத்தானை அழுத்துவது ஒப்படைப்பு ஆகாது. (வாங்கிய பொருளைக் கைவசப்படுத்துதல் பற்றி மார்க்கச் சட்ட நூல்களும் விரிவாகப் பேசுகின்றன. அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே நாட்டின் சட்டத்தை மட்டும் பார்க்கிறோம்.)

அதே சட்டத்தில் நமக்கு எதிராகப் போகக்கூடிய ஒரு பிரிவும் உண்டு. விற்பவர் சரக்கை வண்டிக்காரரிடம் சேர்த்துவிட்டால், முதல் பார்வைக்கு அது வாங்குபவரிடமே சேர்த்ததாகக் கொள்ளப்படும் என்கிறது 39-ஆம் பிரிவு. லாரி ஆபீசில் மூட்டை போட்டு அனுப்பும் வியாபாரிகளுக்காக எழுதப்பட்டது அது. இன்றைய ஆன்லைன் விற்பனையில் கம்பெனி கொடுக்கும் வாக்கே வேறு. வீட்டு முகவரியைக் கேட்டு வாங்குகிறது, வீட்டு வாசலுக்கு இன்ன தேதியில் கொண்டுவந்து தருகிறேன் என்கிறது, பல நேரம் அதற்குத் தனிக் கட்டணமும் வாங்குகிறது. வாக்குக் கொடுத்த சேவையைச் செய்யாவிட்டால் அது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. ஆன்லைனில் வாங்குபவரும் நுகர்வோரே என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது.

‘வரவில்லை’ என்பதை நாம் எப்படி நிரூபிப்பது என்று கேட்பீர்கள். நடக்காத ஒன்றை நிரூபிப்பது கடினம்தான். ஆனால், ஒரு விவரம் ஒருவருக்கு மட்டுமே தனிப்படத் தெரிந்திருந்தால் அதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. பொருளை யாரிடம் கொடுத்தார்கள், எந்த நேரத்தில் கொடுத்தார்கள், கையொப்பம் யாருடையது, புகைப்படம் எந்த வாசலுடையது என்ற விவரமெல்லாம் கம்பெனியிடம்தான் இருக்கிறது. நாம் அதைக் கேட்க வேண்டும். முதல் நாளே கேட்க வேண்டும்.

எல்லாம் ஒரே வகை அல்ல

பொருள் நம் தெருவுக்கே வராமல் ‘கொடுத்தாச்சு’ என்று குறிக்கப்பட்டிருந்தால் நம் நிலை வலுவானது. அடுத்த வீட்டிலோ, காவலாளியிடமோ, முனைக் கடையிலோ நம்மைக் கேட்காமல் கொடுத்துவிட்டுப் போயிருந்தாலும் வலுவானதுதான். பெட்டி வந்து உள்ளே செங்கலோ சோப்புக் கட்டியோ இருந்தால், பிரிக்கும்போது எடுத்த வீடியோ பெரிய உதவி. அது இல்லாவிட்டாலும் பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் உள்ள எடையையும் பொருளின் உண்மையான எடையையும் ஒப்பிட்டுக் காட்டலாம். ஆகவே பெட்டியைக் குப்பையில் போடாதீர்கள்.

சிக்கலானது ஒன்றுதான். ‘வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்’ என்று நாமே சொல்லி, பிறகு அது களவு போயிருந்தால், ஒப்படைப்பு முடிந்துவிட்டது என்று கம்பெனி வாதிடும். அந்த வாதத்தில் நியாயமும் இருக்கிறது. விலை கூடிய பொருளுக்கு ஒருபோதும் அப்படிச் சொல்லாதீர்கள். ஓடிபி எண்ணும் இதே போலத்தான். பொருள் கைக்கு வருமுன் தொலைபேசியில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டால், ‘பெற்றுக்கொண்டேன்’ என்று நாமே எழுதிக் கொடுத்தது போல் ஆகிவிடும். ‘பக்கத்துத் தெருவில் நிற்கிறேன், எண்ணை மட்டும் சொல்லுங்கள், வந்துவிடுகிறேன்’ என்று கேட்டால், வாசலுக்கு வந்த பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள்.

முதல் நாள்

வீட்டில் உள்ள எல்லாரிடமும், அண்டை வீட்டாரிடமும், அடுக்குமாடி என்றால் காவலாளியிடமும் கேளுங்கள். பாதிக் கதை இங்கேயே முடிந்துவிடும். கேட்டதைக் குறித்து வையுங்கள்.

அதன் பிறகு செயலியைத் திறந்து ஆர்டர் எண், பணம் கட்டிய விவரம், ‘கொடுத்தாச்சு’ என்று காட்டும் பக்கம், அதில் உள்ள நேரம், புகைப்படம் இருந்தால் அது, எல்லாவற்றையும் திரைப்படம் பிடித்து வையுங்கள். சில நாட்களில் அந்தப் பக்கங்கள் மாறிப்போகலாம். தெருவிலோ எதிர்க் கடையிலோ கேமரா இருந்தால் அந்த நேரத்துப் பதிவை உடனே கேளுங்கள். பல கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்.

கொண்டுவந்த தம்பியோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஒரு நாளில் எத்தனையோ வீடு ஏறி இறங்குபவர் அவர். தவறு அவருடையதாகவும் இருக்கலாம், கிடங்கில் பெட்டி மாறியதாகவும் இருக்கலாம். நம் ஒப்பந்தம் அவரோடு அல்ல, விற்றவரோடும் கம்பெனியோடும்தான். அவர் பெயரையும் அழைத்த எண்ணையும் குறித்து வைத்தால் போதும்.

புகாரை எழுத்தில் கொடுங்கள்

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசுவது மன ஆறுதலுக்கு உதவும், வழக்குக்கு உதவாது. மின்னஞ்சலிலோ செயலியின் புகார்ப் பகுதியிலோ எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தன் தளத்தில் போட வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் அவர் ‘கிடைத்தது’ என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். பலர் விற்கும் சந்தைத் தளமாக இருந்தால் ஒவ்வொரு புகாருக்கும் ஓர் எண் தர வேண்டும். அந்த எண் இல்லாமல் உரையாடலை முடிக்காதீர்கள்.

எழுத்தில் சூடு வேண்டாம், விவரம் வேண்டும். இந்த அளவு போதும்:

‘இன்ன தேதியில், இன்ன ஆர்டர் எண்ணில், இவ்வளவு ரூபாய் செலுத்தி இந்தப் பொருளை வாங்கினேன். இன்ன தேதி, இன்ன நேரத்தில் ஒப்படைக்கப்பட்டதாக உங்கள் பதிவு காட்டுகிறது. பொருள் எனக்கோ என் வீட்டார் எவருக்குமோ கிடைக்கவில்லை. அண்டை வீட்டாரிடமும் விசாரித்துவிட்டேன். யாரிடம் கொடுக்கப்பட்டது, பெற்றவரின் கையொப்பம் அல்லது ஓடிபி பதிவு, புகைப்படம், கொடுத்த இடத்தின் இருப்பிடப் பதிவு ஆகியவற்றைத் தரவும். பொருளை மீண்டும் அனுப்பவும் அல்லது முழுத் தொகையையும் நான் செலுத்திய வழியிலேயே திருப்பித் தரவும். விற்பனையாளரின் பெயர், தலைமையிட முகவரி, மின்னஞ்சல் ஆகியவற்றையும் தெரிவிக்கவும்.’

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ‘நாங்கள் வெறும் சந்தைதான், விற்றவர் வேறொருவர்’ என்பது பெரிய தளங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். வாங்கியவர் எழுத்தில் கேட்டால் விற்பனையாளரின் முகவரி விவரங்களைத் தளம் கொடுத்தாக வேண்டும் என்பது அதே விதிகளில் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் விற்பனையாளர், தளம் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க இது தேவைப்படும். பணத்துக்குப் பதில் கூப்பன் தருகிறோம் என்றால் ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பொருளை வாங்கி வைத்துக்கொண்டே ‘வரவில்லை’ என்று பணம் பெறுகிறவர்களும் இருக்கிறார்கள். அது மோசடி. உண்மையாகவே இழந்தவரைக் கம்பெனி சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இவர்களும் ஒரு காரணம்.

பதில் வராவிட்டால்

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை. அவர்கள் நீதிமன்றம் அல்ல, தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆனால் புகாரை நேரே கம்பெனிக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். சிறு தொகைப் புகார்களுக்கு முதலில் முயல வேண்டிய வழி இதுதான் என்பது என் கருத்து.

கார்டில் பணம் கட்டியவர்கள், பொருள் கிடைக்கவில்லை என்று கார்டு கொடுத்த வங்கிக்கும் எழுதி அந்தத் தொகையை மறுக்கலாம். இதற்குக் கால வரம்பு உண்டு, ஆகவே கம்பெனி பதிலுக்காக மாதக் கணக்கில் காத்திருக்காதீர்கள். 30 நாட்களில் வங்கி பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

களவு என்று தெரிந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கம்பெனியே போலி, சமூக ஊடகத்தில் படம் காட்டி யுபிஐ வழியாகப் பணம் வாங்கி மறைந்துவிட்டது என்றால், அது நுகர்வோர் வழக்குக்கு முன் சைபர் குற்றம். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

மாவட்ட ஆணையம்

ஒரு சகோதரியை எண்ணிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பிளவுஸ் தைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறார். சீட்டுப் பணம் எடுத்து 18,000 ரூபாய்க்கு மோட்டார் வைத்த தையல் மெஷின் ஆர்டர் செய்தார். வந்து சேரவில்லை. கம்பெனி, ‘எங்கள் பதிவின்படி ஒப்படைக்கப்பட்டுவிட்டது’ என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. அவர் என்ன செய்யலாம்?

தம் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனியின் தலைமை அலுவலகம் பெங்களூரில் இருந்தாலும் குருகிராமில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. புகார் தருபவர் வசிக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ தாக்கல் செய்யலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரிய வசதி. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். 5 லட்சம் வரை நீதிமன்றக் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயம் இல்லை. வேண்டுமென்றால், பெண்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசச் சட்ட உதவி பெறத் தகுதி உடையவர்கள். அதற்கு எண் 15100.

‘மெஷின் வாங்கியது வியாபாரத்துக்கு, ஆகவே நீங்கள் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து வயிறு வளர்ப்பதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. புகார் மனுவிலேயே ‘சொந்தத் தையல் வேலைக்காக, என் பிழைப்புக்காக வாங்கினேன்’ என்று எழுதிவிட வேண்டும். ஆட்டோ, தள்ளுவண்டி அடுப்பு, கிரைண்டர் வாங்கும் எல்லாருக்கும் இது பொருந்தும்.

மனுவில் விலையைத் திருப்பிக் கேட்பதோடு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும், வழக்குச் செலவும் கேட்கலாம். வாங்கிய விலைக்குப் பத்து மடங்கு என்று கேட்டு மனுவின் மதிப்பை நீங்களே குறைத்துக்கொள்ளாதீர்கள். சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. பொருளைச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாக ஆகலாம், அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். காணொலி வழி விசாரணைக்கும் மனுப் போடலாம்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் 45 நாட்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். தோற்ற கம்பெனி மேல்முறையீடு செய்வதானால், கட்டச் சொன்ன தொகையில் பாதியை முதலில் செலுத்த வேண்டும். தீர்ப்பு வந்தும் பணம் தராமல் இழுத்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடுங்கள். உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப் போலவே அதையும் நிறைவேற்ற ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. உத்தரவை மீறுபவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். நிறைவேற்று மனுவோடு தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் இணைத்துக்கொடுங்கள்.