இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களின் இணை முனைவர் பட்டம்

முனைவர் பட்ட ஆய்வை ஒரு பல்கலைக்கழகம், ஒரு நெறியாளர், ஓர் ஆய்வாளர் என்னும் மூவகை உறவாகவே நாம் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளோம். இவ்வுறவினுள் வேற்று நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றையும் சேர்க்கும் முறை ஐரோப்பாவில் வேரூன்றி, இந்நூற்றாண்டில் இந்தியாவுக்கும் வந்துள்ளது. மாணவர் பலர் இதனை வெளிநாடு செல்லும் வாய்ப்பாக மட்டுமே நோக்குகின்றனர். ஆயின் இம்முறையின் பயன் முழுவதும், ஆய்வின் தொடக்கத்திலேயே இரு பல்கலைக்கழகங்களும் கையொப்பமிடும் ஒப்பந்தத்தைச் சார்ந்தே அமைகிறது. அவ்வொப்பந்தத்தின் இயல்பை ஈண்டுக் காண்போம்.

இம்முறைக்குத் தெளிவான சட்ட வடிவம் தந்த நாடுகளுள் பிரான்சு குறிப்பிடத்தக்கது. 1994 சனவரியில் வெளியான அரசாணை ஒன்று 'கோத்யுதெல்' என்னும் முறையை அங்கு நிறுவிற்று. பின்னர் 2005, 2016 ஆகிய ஆண்டுகளின் ஆணைகள் அதனைத் திருத்தியமைத்தன. இணைப் பாதுகாவல் என்பது அச்சொல்லின் பொருள். சிறாரின் பொறுப்பை ஏற்பவரைக் குறிக்கும் சட்டச் சொல்லின் வழி வந்தது அது. ஆய்வு மாணவர் படும் பாட்டை அறிந்தோர் இப்பெயரின் பொருத்தத்தை மறுக்கமாட்டார்கள்.

இதன்படி மாணவர் இரு பல்கலைக்கழகங்களிலும் பதிவு செய்துகொள்கிறார். இரண்டிலும் அவருக்கு நெறியாளர் உண்டு. இரு நாடுகளிலும் மாறி மாறித் தங்கி ஆய்வு நிகழ்த்துகிறார். ஆய்வேடு ஒன்றே, வாய்மொழித் தேர்வும் ஒன்றே. தேர்வுக் குழுவில் இரு தரப்பினரும் சமநிலையில் இடம்பெற வேண்டும். இறுதியில் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பட்டத்தையோ, தனித்தனியே இரு பட்டங்களையோ வழங்கலாம். கட்டணம் செலுத்தும் முறை, ஆய்வேட்டின் மொழி ஆகியனவும் முன்னரே எழுதப்படல் வேண்டும்.

இவையெல்லாம் அலுவலக நுணுக்கங்கள் எனத் தோன்றலாம். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்னும் நிலைக்கு மாணவரே ஆளாவார். கட்டணம் பற்றிய விதி இல்லையெனில் இரு இடங்களிலும் அவர் பணம் செலுத்த நேரும். இந்தியாவில் ஆய்வாளர் பாடநெறித் தேர்வுகளை முடித்தாக வேண்டும். மற்றொரு நாட்டின் விதி வேறாக இருக்கலாம். ஓரிடத்தில் கற்றதை மற்றோரிடம் ஏற்குமா என்பதை மூன்றாம் ஆண்டில் கேட்பதால் பயனில்லை. நெறியாளர் இருவரும் முரண்பட்டால் யார் சொல் நிற்கும் என்பதும் தெளிவாதல் வேண்டும். இரு பட்டங்கள் தரப்படுமாயின், அவை ஒரே ஆய்வேட்டுக்கு உரியன என்பது சான்றிதழிலேயே குறிக்கப்படுதல் நேர்மை. அக்குறிப்பு இன்றேல் ஓர் உழைப்பு இரண்டாகக் கணக்கிடப்படும்.

இந்திய எடுத்துக்காட்டாக மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும் இணைந்து 2008இல் நிறுவிய ஆய்வுக் கழகத்தைச் சுட்டலாம். அதன் மாணவர் பெரும்பகுதிக் காலத்தை மும்பையிலும் ஒரு பகுதியை மெல்போர்னிலும் கழித்து, இரு நிறுவனங்களும் இணைந்து அளிக்கும் முனைவர் பட்டத்தைப் பெறுகின்றனர். தனித்தனி மாணவருக்காக ஒப்பந்தம் எழுதும் பிரெஞ்சு முறைக்கும், நிலையான அமைப்பொன்றை உருவாக்கும் இம்முறைக்கும் உள்ள வேறுபாடு நோக்கத்தக்கது. பின்னது செலவு மிக்கது. எனினும் ஒவ்வொரு மாணவரும் முதலிலிருந்து வழிதேட வேண்டியதில்லை.

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிமுறைகள் இத்துறையில் பெரிய திருப்பமாகும். முனைவர் பட்ட நிலையில் இரு நிறுவனங்களிலும் நெறியாளர், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு பருவம் தங்குதல், ஒரே ஆய்வேடு என்பன அவற்றில் வகுக்கப்பட்டன. தேசியத் தர மதிப்பீட்டில் 3.01 புள்ளியேனும் பெற்ற நிறுவனங்கள், உலகத் தரவரிசையில் முதல் ஆயிரத்துள் அடங்கும் பல்கலைக்கழகங்களுடன் முன் அனுமதியின்றியே இணையலாம் எனவும் கூறப்பட்டது. தரவரிசையை மட்டும் அளவுகோலாகக் கொள்வது நமக்கு உடன்பாடன்று. ஒரு துறையில் தலைசிறந்த ஆசிரியர், பட்டியலில் பின்தங்கிய பல்கலைக்கழகத்திலும் இருக்கக்கூடும். இணைவு பெற்ற கல்லூரிகளைப் பொறுத்தவரை பட்டம் வழங்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்கே உரியதாதலின், அதன் வழியாகவே இம்முயற்சி நிகழ வேண்டும்.

தமிழாய்வுக்கு இதனால் விளையும் பயன் சிறிதன்று. பாரிசு தேசிய நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் உள்ளன. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955 முதல் இயங்கி வருகிறது. இரு நாட்டுச் சுவடிகளையும் ஒப்பிட்டு ஒரு நூலைப் பதிப்பிக்க முனையும் மாணவருக்குத் தமிழறிந்த நெறியாளர் இங்கும், சுவடிகளை அணுகத் துணைநிற்பவர் அங்கும் தேவை. அவ்வாய்வேடு தமிழில் அமையலாமா என்பது அடுத்த வினா. பிரெஞ்சு ஆணை இதற்கு இடமளிக்கிறது: மொழியை ஒப்பந்தம் முடிவு செய்யும், பிறமொழியில் எழுதப்பட்டதாயின் விரிவான பிரெஞ்சுச் சுருக்கம் ஒன்றை இணைத்தால் போதும். தமிழைப் படித்து மதிப்பிடவல்ல தேர்வாளர் இரு தரப்பிலும் அமைவாரா என்பதை, ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே துறையினர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.