நெருக்கடி ஹார்மோனுக்கு ஒரு கடிவாளம்

தேர்வு மண்டபத்தில் வினாத்தாளைக் கையில் வாங்கும்போது நெஞ்சு படபடக்கிறது அல்லவா? அதற்குக் காரணம் அட்ரினலின். சில நிமிடங்கள் கழித்து இரத்தத்தில் இன்னொரு ஹார்மோனும் உயர்கிறது. அதுதான் கார்டிசால். இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி, நெருக்கடியைச் சமாளிக்க உடலை ஆயத்தப்படுத்துவது அதன் பணி. நெருக்கடி நீங்கியதும் அது தணிய வேண்டும். தணிப்பது எது? தணியாவிட்டால் என்ன ஆகும்?

மூன்று படிகள்

முதற்படி, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதாலமஸ். அது சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 41 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி இது. இரண்டாம் படி, பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி. சி.ஆர்.எச். வந்து தூண்டியதும் இது 39 அமினோ அமிலங்கள் கொண்ட ஏ.சி.டி.எச். ஹார்மோனை வெளியிடுகிறது. மூன்றாம் படி, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள். ஏ.சி.டி.எச். தூண்ட, இவை கார்டிசாலைச் சுரக்கின்றன.

மின் இஸ்திரிப் பெட்டியை நினைவுகூருங்கள். சூடு குறித்த அளவை எட்டியதும் ஈருலோகத் தகடு வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. அதுபோலவே, கார்டிசால் மிகுந்ததும் அது முதல் இரு படிகளையும் அடக்குகிறது. விளைவே தன் காரணத்தைக் கட்டுப்படுத்தும் இம்முறைக்கு எதிர்ப் பின்னூட்டம் என்று பெயர்.

காபா செய்யும் வேலை

ஹைப்போதாலமஸுக்கு மற்றொரு கடிவாளமும் உண்டு. அது ‘காபா’ என்னும் அமினோ அமிலம். இது புரதங்களில் இடம்பெறுவதில்லை. குளூட்டாமிக் அமிலத்திலிருந்து ஒரு கரியமில வாயு மூலக்கூறு நீங்கும்போது காபா உண்டாகிறது. 1950-இல் மூளையில் இது கண்டறியப்பட்டது.

ஓய்விலிருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் இருக்கும். காபா, செல் சவ்விலுள்ள குளோரைடு வாயில்களைத் திறக்கிறது. எதிர்மின் அயனிகள் உள்ளே புகுவதால் செல் எளிதில் தூண்டப்படுவதில்லை. சி.ஆர்.எச். சுரப்பும் அடங்குகிறது.

குஷிங் நோய்

பிட்யூட்டரியில் ஏ.சி.டி.எச். சுரக்கும் கட்டி தோன்றினால், கார்டிசால் இரவும் பகலும் மிகுந்தே இருக்கும். முகம் வட்டமாகும், வயிறு பருக்கும், கை கால்கள் மெலியும், எலும்புகள் வலுவிழக்கும், இரத்த அழுத்தம் உயரும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912-இல் இத்தகைய நோயாளியைப் பற்றி எழுதினார். 1932-இல் பிட்யூட்டரிக் கட்டியே காரணம் என விளக்கினார்.

காபாவின் அளவைக் கூட்டினால் இந்நோய் அடங்குமா? வலிப்பு நோய்க்குத் தரும் வால்புரோயேட் என்ற மருந்து மூளையில் காபாவை மிகுவிக்கும். 1980-களில் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு ஏ.சி.டி.எச். குறைந்தது, ஆனால் நிலையான பலன் கிட்டவில்லை.

இதில் வியப்பில்லை. மிகுந்த கார்டிசாலால் ஹைப்போதாலமஸ் ஏற்கெனவே அடங்கிக் கிடக்கிறது. அடங்கியதை மேலும் அடக்கி என்ன பயன்? கோளாறு இருப்பது இரண்டாம் படியில்.

அக்கோளாறு எத்தகையது? கார்டிசாலை ஒத்த டெக்சாமெத்தசோனைச் சிறிதளவு கொடுத்தால், நலமுள்ளவருக்குக் கார்டிசால் சுரப்பு வெகுவாகக் குறையும். குஷிங் நோயாளிக்குக் குறையாது. ஆனால் அதே மருந்தை அதிக அளவில் கொடுத்தால், பெரும்பாலான நோயாளிகளுக்குக் குறைகிறது. ஆகவே கட்டியிலும் பின்னூட்டம் அடியோடு அறுந்துவிடவில்லை. இஸ்திரிப் பெட்டியின் குமிழை மிகு சூட்டிற்குத் திருப்பி வைத்ததுபோல், அடங்கும் எல்லை உயர்ந்துவிட்டது. அதனால்தான் மூக்கு வழியே சென்று கட்டியையே அகற்றும் அறுவை, இன்று முதல் சிகிச்சையாக இருக்கிறது.

ஒரு பொருள் எதை அடக்கும் என்று அறிந்தால் மட்டும் போதாது. பழுது எந்தப் படியில் என்பதையும் அறிய வேண்டும்.

சிந்திக்க: கட்டி பிட்யூட்டரியில் தோன்றாமல் அட்ரினலில் தோன்றிக் கார்டிசாலைச் சுரந்தால், இரத்தத்தில் ஏ.சி.டி.எச். கூடுமா, குறையுமா? ஈருலோகத் தகட்டை நினைத்து விடை காணுங்கள்.