குளத்து ஓரத்தில் சம்பு

வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் இருக்கிறதா? ஓரத்தில் சம்பு வளர்க்கலாம். சம்பு கோரை போன்ற செடி. ஆள் உயரத்துக்கு மேல் வளரும். கதிர் பழுப்பு நிறம். பார்க்கக் கம்புக் கதிர் போல இருக்கும்.

சம்பு கரை மண் சரியாமல் காக்கும். காஷ்மீரில் இதன் இலையால் பாய் முடைகிறார்கள்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. இதன் கிழங்கு சேற்றுக்குள் ஓடும். ஓடிய இடமெல்லாம் முளைக்கும். கவனிக்காமல் விட்டால் சிறு குளம் தூர்ந்துவிடும். மீனுக்கு இடம் இராது.

என்ன செய்யலாம்?

ஓட்டை இல்லாத பழைய தொட்டியில் களிமண் நிரப்புங்கள். அதில் கிழங்கை நடுங்கள். தொட்டியைக் குளத்து ஓரத்தில் இறக்குங்கள். விளிம்புக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கட்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை தொட்டியை வெளியே எடுங்கள். பாதிக் கிழங்கை நீக்குங்கள். கதிர் வெடிக்கும் முன்பே அறுத்துவிடுங்கள். இல்லையென்றால் பஞ்சு போன்ற விதை காற்றில் பறக்கும். அடுத்த குளத்திலும் முளைக்கும்.

ஏற்கெனவே பரவிவிட்டதா? தண்டைத் தண்ணீருக்கு அடியில் அறுங்கள். அறுத்த இடம் மூழ்கியே இருந்தால் கிழங்குக்குக் காற்று போகாது. இரண்டு மூன்று முறை இப்படி அறுத்தால் கிழங்கு அழுகிவிடும்.

உங்கள் ஊர்க் குளத்தில் சம்பு எவ்வளவு பரவியிருக்கிறது? பார்த்து வந்து எழுதுங்கள்.