முதலில் பாட்டு, பிறகு ஷாமிசென்

கேள்வி: சில வருடங்களாக யோக்கோஹாமாவில் இருக்கிறேன். நாற்பதை நெருங்கும் வயது. பள்ளி நாட்களில் வீணை கற்று, கீர்த்தனை வரை வந்து நிறுத்தியவள். அண்மையில் ஒரு கச்சேரியில் சுகாரு ஷாமிசென் கேட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. பழம்பொருள் கடை ஒன்றில் ஷாமிசென் மலிவாகக் கிடைக்கிறது; வாங்கிவிடலாமா? வீணைப் பயிற்சி கைகொடுக்குமா? பூனைத் தோல் போர்த்துவார்கள் என்று கேள்விப்பட்டது மனதை உறுத்துகிறது. காலை மடக்கி உட்கார முழங்காலும் இடம் தராது.
— வாசகி, யோக்கோஹாமா

பதில்: இப்போதைக்கு அதை வாங்காதீர்கள். மூன்று தந்தி கொண்ட ஷாமிசென் ஒரே வாத்தியமல்ல. தண்டின் பருமனை வைத்து அதில் மூன்று வகை உண்டு. மெல்லிய தண்டு, கபுகி மேடையின் நாகவுதா பாட்டுக்கு. நடுத்தரத் தண்டு, ஜியுதா என்ற பாட்டு வகைக்கும் பெரும்பாலான நாட்டுப்பாடல்களுக்கும். பருத்த தண்டு, ஒசாகாவின் புன்ராக்கு பொம்மலாட்டத்துக்கும் நீங்கள் கேட்ட சுகாருவுக்கும். கடையில் இருப்பது மெல்லிய தண்டாக இருந்தால் சுகாருவின் கனமும் அதிர்வும் அதில் வராது.

எனவே முதலில் எந்தப் பாட்டு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பிறகு ஆசிரியர், அதன் பிறகே கருவி. முதல் வகுப்பில் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கப் பல ஆசிரியர்கள் இடம் தருகிறார்கள். கருவியும் இரவல் கிடைக்கும்.

பாட்டு என்று நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மேடையில் நீங்கள் கேட்டது பெரும்பாலும் தனி வாசிப்பாக இருந்திருக்கும். அந்த வேகம் எவரையும் இழுக்கும். ஆனால் சுகாரு வாசிப்பு, வடக்கே அவோமோரியில் பார்வையற்ற கலைஞர்கள் வீட்டு வாசல்தோறும் நின்று பாடி, வாசித்து, அரிசியும் காசும் பெற்று வளர்த்த கலை. தகஹாஷி சிகுசான் (1910–1998) சிறு வயதில் பார்வையை இழந்து, அப்படி ஊர் ஊராக நடந்தவர். பின்னாளில் தோக்கியோ இளைஞர்களும் அவர் வாசிப்பைத் தேடி வந்து கேட்டார்கள். தனி வாசிப்பு, பாடகருக்குத் துணை வாசித்த கைகளிலிருந்துதான் கிளைத்தது. ஆகவே ஜொங்கரா புஷி என்ற சுகாருப் பாட்டைக் கற்கும்போது, சுமாராகவாவது அதைப் பாடவும் பழகுங்கள். பாடகர் எங்கே மூச்சு விடுகிறார் என்று தெரியாமல் வேகத்தை மட்டும் பிடித்தவர்களின் வாசிப்பு எனக்கு ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. பாடச் சொல்லித் தரும் ஆசிரியர் கிடைத்தால் தூரம் பார்க்காமல் போங்கள்.

இனி வீணை. உங்கள் காது பெரிய சொத்து. ஷாமிசெனில் மெட்டுகளே இல்லை; சுரம் எங்கே இருக்கிறது என்று காதுதான் சொல்ல வேண்டும். மூன்று முக்கியச் சுருதி அமைப்புகளையும் நீங்கள் உடனே பிடித்துக்கொள்வீர்கள்: ஹொன்சோஷி ச-ம-ச, நிஅகாரி ச-ப-ச, சன்சகாரி ச-ம-கைசிகி நிஷாதம். ஜொங்கராவுக்கு நிஅகாரி. ஆனால் வீணையின் சாரணி முதல் தந்தி. இங்கே முதல் தந்தி என்பது தடித்த மந்திரத் தந்தி. ஆரம்பத்தில் இது குழப்பும்.

அந்த முதல் தந்தியில்தான் இந்த வாத்தியத்தின் உயிர். மேல் முனையில் மற்ற இரண்டு தந்திகளும் சிறு உலோகப் பட்டையின் மேல் செல்கின்றன. முதல் தந்தி மட்டும் அதில் ஏறாமல் தண்டை உரசி அதிர்கிறது. ஸவாரி என்ற இந்த ரீங்காரம், தம்புராவில் ஜீவா நூல் வைத்ததும் எழும் நாதத்துக்கு நெருங்கிய உறவு. மற்ற தந்திகள் சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், மீட்டாமலே அதுவும் சேர்ந்து ஒலிக்கும். சுருதி சேர்க்கும் செயலியை மூடிவைத்துவிட்டு இதைக் கேட்டே சேர்க்கப் பழகுங்கள்.

சிரமம் வலது கையில். வீணையில் விரல்கள் மீட்டும். இங்கே பச்சி என்ற அகன்ற மீட்டுக்கருவியின் தண்டை மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையே நுழைத்துப் பிடித்து, தந்தியோடு தோலையும் சேர்த்து அடிக்க வேண்டும். பாதி வாத்தியம் தாளக் கருவி. தொடக்கத்தில் இடது கையை மறந்து, வெறும் தந்தியில் ஓங்கியும் மெல்லவும் அடித்துப் பழகுவதே போதும். இடது கையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுக்கும் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். இங்கே தந்தி மேல் வழுக்குவதும், இடது விரலாலேயே சுண்டுவதும்தான் அழகு.

தோல் பற்றிய உறுத்தல் நியாயமானது. மெல்லிய தண்டுக்குப் பூனைத்தோலும் சுகாருவுக்கு நாய்த்தோலும்தான் மரபு. இப்போது செயற்கைத் தோல் தாராளமாகக் கிடைக்கிறது. நாதம் சற்றே வேறுபட்டாலும் மழைக்கால ஈரத்தில் எளிதில் கிழியாது. தயங்காமல் அதையே கேளுங்கள். முழங்காலுக்கும் கவலை வேண்டாம்: சுகாரு கலைஞர்கள் நாற்காலியில் அமர்ந்தே வாசிக்கிறார்கள். வலது தொடையில் ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் கருவி நழுவாது.

விலை உயர்ந்த தண்டுகளின் மரத்தைக் கோகி என்பார்கள். நம் ஆந்திர மலைகளின் செம்மரம்தான் அது. உங்களுக்குக் காரின் என்ற மரத்தில் செய்த தண்டே போதும். பச்சி மட்டும் மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ வாங்குங்கள். பழைய தந்தமும் ஆமையோடும் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் விடுமுறைக்கு ஊருக்கு எடுத்துவரும்போது வனவிலங்குச் சட்டப்படி விமான நிலையத்திலேயே பறிபோகும்.